வேண்டாம் என்றவர்கள் மூட்டிய அடுப்பு

கரியமில வாயுவைக் குறைக்க உலகத் தலைவர்கள் மாநாடு கூட்டுகிறார்கள். கேரளத்துச் சாதாரண மக்கள் சோற்றுப் பானையிலும் குப்பைக் கூடையிலும் தொடங்கினார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்?

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயில், ஏரி என்று சொல்லத் தோன்றும் அளவுக்குப் பெரிய குளம், குறுகலான தெருக்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கோட்டைப் பகுதியின் நீட்சி என்றே இதைச் சொல்லலாம். இங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். மின்சார இணைப்பு கிடையாது. திருகு, பொத்தான் எதுவும் கிடையாது. திறந்து பார்த்தால் உள்ளே தெர்மோகோல், நடுவில் பானை உட்காரும் அளவுக்கு ஒரு குழி. அவ்வளவுதான்.

மலையாளத்தில் இதற்குப் பெயர் சூடாறாப்பெட்டி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவளுக்கு இப்படி ஒரு சொல் கிடைப்பது அபூர்வம். எழுத்தை மாற்றினால் போதும், தமிழாகிவிடுகிறது. சூடு ஆறாத பெட்டி.

கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசி வேக முக்கால் மணி நேரம் கூட ஆகும். பெட்டி உள்ள வீட்டில் அரிசி நன்றாகக் கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் பானையை மூடியோடு இறக்கிப் பெட்டிக்குள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். குளித்து, பூஜை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து திறந்தால் சோறு வெந்திருக்கும். கஞ்சி வடிக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் தெருவில் ஒரு மாமி இந்தப் பெட்டியை வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார். கரியமில வாயு பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அடுப்படியில் நிற்க வேண்டாம், பொங்கி வழியாது, அடிப்பிடிக்காது என்பதே அவருடைய காரணங்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அறை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல, அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழெட்டு மடங்கு வேண்டும். அரிசி வேகத் தேவை ஆவி அல்ல, சூடு. தண்ணீர் கொதித்த பிறகு நாம் எரிக்கும் வாயுவில் பெரும்பகுதி நீராவியாகவும் பானையின் பக்கவாட்டுச் சூடாகவும் ஜன்னல் வழியே வெளியேறுகிறது. அந்தச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருந்தால் நெருப்பு தேவையில்லை. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் பஞ்சத்தில் தவித்த பிரிட்டனில் வைக்கோல் திணித்த பெட்டிகளில் இதையே செய்தார்கள். கேரளத்தில் இதை வீடு வீடாகக் கொண்டுபோனது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு அரை மணி நேர அடுப்பு மிச்சம் என்றால் சுமார் 50 கிராம் எரிவாயு. ஆண்டுக்கு 18 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கும் மேல். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு தெர்மோகோல் பெட்டி ஆண்டுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைத் தடுக்கிறது. (குக்கரில் சமைப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குக்கரும் மிச்சம் பிடிக்கும் கருவிதான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைக்காமல் ஆறு விசில் எண்ணுவதுதான் தப்பு.)

இந்தச் சில்லறைக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோ பிடித்து வலியதுறைக்குப் போய் வரலாம். அங்கே கடல் வரிசை வரிசையாக வீடுகளை விழுங்கியிருக்கிறது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிமென்ட் கிடங்கில் குடியிருந்தன. பழைய கடல்பாலம் 2021 புயலில் சேதமடைந்து 2024-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கரை அரிப்புக்குக் கடல்மட்டம் மட்டுமே காரணம் இல்லை. கடலோரக் கட்டுமானங்கள் மீதும் மீனவர்கள் குற்றம்சாட்டுகிறார்கள். ஆனால் 2017 ஒக்கி புயலில் குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் கூட்டமாக மடிந்ததையும், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்களை மூடியதையும் பார்த்த மாநிலம் இது. சூடேறும் அரபிக் கடலைப் பற்றிய பேச்சு இங்கே விஞ்ஞானிகளின் சமாசாரமாக மட்டும் இல்லை. 2024-ஆம் ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

சூடாறாப்பெட்டிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அது சமையலறையில் தொடங்கவில்லை, ஒரு காட்டில் தொடங்கியது.

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-இல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. மூழ்கப்போவது அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு. கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் காட்டுக்காகக் குரல் எழுப்பினார்கள். 1962-இல் அறிவியல் எழுத்தாளர்களின் சிறிய குழுவாகக் கோழிக்கோட்டில் தொடங்கி, கிராமம் கிராமமாகக் கிளை பரப்பியிருந்த பரிஷத் வேறு விதமாக இறங்கியது. எம்.கே. பிரசாத், எம்.பி. பரமேஸ்வரன் உள்ளிட்டோர் அடங்கிய அதன் குழு திட்டத்தின் வரவு செலவை ஆராய்ந்து, மலபாருக்கு மின்சாரம் தர வேறு வழிகள் உண்டு என்று 1979-இல் அறிக்கை எழுதியது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது.

இன்று திரும்பிப் பார்க்கும்போது அந்த விவாதத்தில் ஒரு வேடிக்கை தெரிகிறது. அணைக்கு மாற்றாக அன்று சொல்லப்பட்டவற்றில் நிலக்கரி அனல் மின்நிலையமும் ஒன்று. கரியமில வாயு அப்போது போராட்டக்காரர்களின் அகராதியில் இல்லை. காட்டைக் காப்பாற்றியவர்கள் புகைபோக்கியைக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்ன மறுநாளே ‘பிறகு எப்படி?’ என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கும். பெரும்பாலான இயக்கங்கள் அந்த இரண்டாவது கேள்வியை அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுகின்றன. பரிஷத்தின் பெருமை, அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டதுதான்.

எரிசக்தி என்றவுடன் மின்சாரமே நினைவுக்கு வரும். ஆனால் அன்றைய கேரள வீடுகளில் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது விறகு. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. மீதி சுவருக்கும், புகை பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும். பரிஷத்தைச் சேர்ந்த பொறியாளர்களும் ஆசிரியர்களும் புகைபோக்கி வைத்த, இரண்டு பாத்திரம் ஏற்றக்கூடிய ஓர் அடுப்பை உருவாக்கினார்கள். பரிஷத் அடுப்பு என்று பெயர் பெற்ற அது 1980-களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. பாலக்காட்டை அடுத்த முண்டூரில் கிராமியத் தொழில்நுட்ப மையம் ஒன்றையும் நிறுவினார்கள். சூடாறாப்பெட்டி பரவியதும் இதே வழியில்தான். அறிவொளி இயக்கத்தில் பங்கெடுத்த தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பாணி பழக்கமானது. நம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பரிஷத்துக்கு 1996-இல், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ‘சரியான வாழ்வுக்கான விருது’ கிடைத்தது.

அடுப்பு பின்னால் தேங்கியது. எரிவாயு சிலிண்டர் வந்ததும் நடுத்தர வர்க்கம் விறகை மறந்தது. அதே நோக்கத்தோடு மத்திய அரசு 1980-களில் தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டம் நாடெங்கும் பல வீடுகளில் உடைந்த புகைபோக்கியோடு முடிந்து, 2002-இல் கைவிடப்பட்டது. கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பழுது பார்க்க ஆள் இல்லை. பெட்டி தப்பியதற்குக் காரணம் அதில் பழுதாக எதுவும் இல்லாததுதான்.

அதே இரண்டாவது கேள்வியைத் திருவனந்தபுரம் தன் சொந்த வாசலில் சந்தித்தது 2011 டிசம்பர் 21 அன்று.

நகரின் குப்பை 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உரம் தயாரிக்கும் ஆலை என்று பெயர். நடந்தது என்னவோ மலைபோல் குவிந்த குப்பையும், அதிலிருந்து ஒழுகி மீனம்பள்ளி ஓடை வழியே கரமனை ஆற்றில் கலந்த கறுப்புச் சாறும்தான். கிராம மக்கள் மனுக் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், கடைசியில் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் படையோடும் 2012-இல் திறக்க முயன்றபோது பெண்களும் குழந்தைகளும் சாலையில் நின்று தடுத்தார்கள். ஆலை திறக்கப்படவில்லை. பிறகு அதே விளப்பில்சாலையில் அப்துல் கலாம் பெயரிலான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காக நிலம் கையகப்படுத்தினார்கள்.

குப்பைக்கும் புவி வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். (‘கரிம உமிழ்வு’ என்று அகராதிச் சுத்தமாக எழுதினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார், அதனால் பள்ளியில் படித்த கரியமில வாயுவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் இங்கே மீத்தேன் என்ற இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்.) சோறும் காய்கறித் தோலும் மீன் செதிலும் காற்றுப் படாமல் மேட்டுக்குள் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும். அதோடு அது தீப்பற்றும் வாயு. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச்சில் தீப்பிடித்துப் பன்னிரண்டு நாள் நகரத்தை மூச்சுத் திணற வைத்தது. சென்னைப் பெருங்குடி 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர் 2024 ஏப்ரலிலும் எரிந்தன. அதே சோற்றை வீட்டுக் கொல்லையில் காற்றுப் படும்படி மக்க வைத்தால் மீத்தேன் வராது. மூடிய தொட்டியில் அழுக வைத்தால் வரும். ஆனால் அதைக் குழாயில் பிடித்து அடுப்பில் எரித்துவிடலாம். அடுப்புக்கு அடுப்பும் ஆயிற்று, குப்பைக்குக் கதியும் ஆயிற்று.

விளப்பில்சாலை மூடிய பிறகு முதல் சில மாதங்கள் நகரம் நாறியது என்பதை மறைப்பதற்கில்லை. தெருமுனைகளில் குவியல், இரவில் தீ. மாநகராட்சி வேறு வழியின்றி ‘உங்கள் குப்பை உங்கள் வீட்டிலேயே’ என்ற கொள்கைக்கு வந்தது. முதலில் வந்தது குழாய் உரம். இரண்டு அகலமான பி.வி.சி. குழாய்களை மண்ணில் செங்குத்தாக நட்டு, ஒன்று நிறைய ஒரு மாதம், அது மக்குவதற்குள் அடுத்தது. காகிதத்தில் அழகான யோசனை. மண்ணே இல்லாத முற்றங்களில், தண்ணீர் கொட்டியதால் புழு நெளிந்த குழாய்களில், மூடி தொலைந்துபோன கொல்லைகளில் அது தோற்றது. இலவசமாகவோ மானியத்திலோ வந்த குழாயைப் பலர் பூச்செடித் தொட்டியாக்கிவிட்டார்கள். அடுத்து, தென்னைநார்க் கழிவில் நுண்ணுயிர் கலந்து தூவும் அடுக்குத் தொட்டி வந்தது. கையில் இரண்டடி இடம் இருந்தால் போதும், நாற்றம் குறைவு. இதுதான் நிலைத்தது. வீட்டில் இடமே இல்லாதவர்களுக்காகத் தெருவோரங்களில் தும்பூர்முழி மாதிரித் தொட்டிகள்: கம்பித் தடுப்புக்குள் சாணி, காய்ந்த இலை, குப்பை என அடுக்கடுக்காகப் போட்டு மூன்று மாதத்தில் உரமாக்குவது. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி கால்நடைப் பண்ணையில் உருவான முறை, அதனால் அந்தப் பெயர்.

வீட்டுச் சாண எரிவாயுக் கலம் என்றால் மாடு வேண்டும் என்று நினைத்திருந்த காலத்தை மாற்றியதும் இந்த நகரத்து நிறுவனம் ஒன்றுதான். பயோடெக் என்ற அந்த அமைப்பு, சமையல் கழிவையும் கழுநீரையும் மட்டும் ஊற்றினால் ஓடும் சிறிய கலங்களைப் பரப்பியதற்காக 2007-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது பெற்றது. தொடங்கும்போது ஒருமுறை சாணி கரைத்து ஊற்றினால் போதும், பிறகு அதன் பாட்டுக்கு ஓடும். ஒரு கனமீட்டர் சாண எரிவாயு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்கு ஈடு. முழுச் சமையலும் இதில் நடக்காது. காலைக் காபி, பால் காய்ச்சுவது, ஒரு குழம்பு என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, தேங்காய்நார் போடக்கூடாது. விருந்து நடந்த மறுநாள் மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் உள்ளே புளித்து வாயு நின்றுவிடும். மாடு வளர்த்த கைகளுக்கு இது தெரியும்: வயிற்றுக்குத் தக்கதான் தீனி.

இப்படி எழுதிக்கொண்டே போனால் திருவனந்தபுரம் சொர்க்கம் என்று தோன்றிவிடும். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தற்காலிகத் தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். பிளாஸ்டிக் அடைத்துக் கிடந்த அந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் முக்குளிப்போர் இரண்டு நாள் தேடினார்கள். உடல் பிறகு வேறிடத்தில் மிதந்து வந்தது. சமையல் கழிவை வீட்டில் உரமாக்கியவர்களும் கடைக்காரர்களும் பிளாஸ்டிக் பையை எங்கே எறிந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஓடையே பதில். இப்போது ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் படை வீடு வீடாக வந்து உலர்ந்த குப்பையை வாங்கிப் போகிறது. மாதக் கட்டணம் உண்டு. அந்தத் தொகையைக் கொடுக்க முகம் சுளிக்கும் மாடி வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நகரத்தின் மீத்தேன் குறைகிறது என்றால் அதில் பாதிப் பெருமை, பச்சைக் கோட்டுப் போட்டுச் சாக்கு சுமக்கும் இந்தப் பெண்களுடையது.

மாசி மாதம் ஆற்றுகால் பொங்கல் அன்று இங்கே வந்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்து ஊர்தான் ஆற்றுகால். லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகிறார்கள். 2009-இல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. இவ்வளவு புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. தென்னை ஓலையும் மட்டையும், வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பித் தருகின்றன. நிலத்தடியில் கோடி ஆண்டு கிடந்த நிலக்கரியோடு அதைச் சேர்க்கக் கூடாது. கண் எரிவது வேறு விஷயம். உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருந்தது: அன்னதானத்துக்கும் மோருக்கும் பயன்பட்ட பிளாஸ்டிக் தட்டு, குவளை. 2016 வாக்கில் மாநகராட்சி ‘பசுமை நெறி’ கொண்டுவந்து, தானம் செய்வோர் ஸ்டீல் தட்டும் டம்ளரும் வைக்க வேண்டும் என்றது. முன்பு முந்நூறு டன்னைத் தாண்டிய ஒருநாள் குப்பை இரண்டே ஆண்டுகளில் நூறு டன்னுக்கும் கீழே வந்தது. பொங்கல் முடிந்ததும் அந்தச் செங்கல்களையும் லாரியில் சேகரித்து, வீடில்லாத ஏழைகளின் வீடு கட்டும் திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள்.

செங்கல் என்றதும் இந்த ஊரில் ஒரு பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர். கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிச் சுவரில்’ கால்வாசிச் செங்கல் மிச்சம். கூரைக் காங்கிரீட்டின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமென்டைக் குறைத்தார். பூச்சு வேண்டாம் என்றார். ஒரு கிலோ சிமென்ட் தயாரிக்க அரைக் கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியாகிறது என்பது இன்று பாடப் புத்தகச் செய்தி. பேக்கர் சிக்கனத்துக்காகச் செய்தார். தம்பானூரில் சுருள் வடிவில் ஏறும் அவருடைய இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்து காபி குடித்தவர்களுக்குத் தெரியும், மின்விசிறி இல்லாமலேயே காற்று வரும். ஆனால் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளில் பத்துக்கு ஒன்றுகூட அவர் வழியைப் பின்பற்றவில்லை. பூசாத செங்கல் ‘ஏழை வீடு’ மாதிரித் தெரிகிறதாம்.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஒருமுறை கொச்சிக்குப் போய்த் திரும்பினால் அறுபது கிலோ. சூடாறாப்பெட்டி ஆண்டு முழுவதும் பொறுமையாகச் சேர்த்ததை ஒரு கல்யாணப் பயணம் கரைத்துவிடுகிறது. ரயிலில் போகலாம். ஊருக்குள் என்றால் 2022-இல் ஓடத் தொடங்கிய கே.எஸ்.ஆர்.டி.சி.யின் மின்சாரப் பேருந்து இருக்கிறது. இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி இரண்டு டன் கரியமில வாயு. அமெரிக்கருக்கு 14 டன் அளவில். உலக அரங்கில் இதைச் சொல்லி நியாயம் கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த இரண்டு டன் சராசரிக்குள் வலியதுறை மீனவரும் இருக்கிறார், இரண்டு கார் வைத்திருப்பவரும் இருக்கிறார். சராசரியின் நிழலில் ஒளிந்துகொள்ள இரண்டாமவருக்கு என்ன யோக்கியதை?

தனி வீட்டைத் தாண்டி ஊராகச் சேர்ந்து செய்தவர்களும் உண்டு. வயநாட்டின் மீனங்காடி பஞ்சாயத்து, ஊர் வெளியிடும் கரியமில வாயுவை ஊரே ஈடுகட்டும் திட்டத்தை 2016-இல் தொடங்கியது. திருவனந்தபுரத்தின் ‘தணல்’ அமைப்பு கணக்கெடுப்புக்குத் துணை நின்றது. அங்கே மரத்தை அடமானம் வைத்துக் கூட்டுறவு வங்கியில் மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கலாம். வெட்டினால்தான் கடனைத் திருப்பித் தர வேண்டும். அவசரத்துக்கு மரத்தை விற்கும் குடியானவரின் மனசைத் தெரிந்தவர் யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், வங்கிக் கடன் வாங்கி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. கிராமப் பஞ்சாயத்து மின்சாரம் விற்பதை அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கேரளத்தில் மின்சாரக் கதைக்குத் தனி முடிச்சு ஒன்று இருக்கிறது. ஆறுகளின் மாநிலம், நீர் மின்சாரம்தான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உண்மையில் பயன்படுத்துவதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள், அதில் கணிசம் நிலக்கரி மின்சாரம். சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் கரியமில வாயு என்பது இந்திய மின்தொகுப்பின் கணக்கு. குண்டு பல்பை ஒழிக்க 2010-இல் மின்வாரியம் வீட்டுக்கு இரண்டு சி.எஃப்.எல். பல்பு கொடுத்தது, பிறகு எல்.இ.டி. வந்தது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றி தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 90 யூனிட்டுக்கு மேல் மிச்சம். பெட்டியைவிட லாபம், உழைப்பும் கிடையாது.

கூரையில் சூரியத் தகடு போடுவதிலும் மலையாளிகள் சளைக்கவில்லை. கொச்சி விமான நிலையம் 2015-இல் முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது. திருவனந்தபுரத்தில் புது வீடு என்றால் தகடும் சேர்த்தே பேசுகிறார்கள். ஆனால் சூரியன் தருவது நடுப்பகலில். ஊர் கேட்பதோ இரவில். 2024 மே மாதத்து வெக்கையில், ஏ.சி.கள் விடிய விடிய ஓடியபோது மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டி டிரான்ஸ்பார்மர்கள் திணறின. தகடு வைத்த வீடும் இரவு பத்து மணிக்கு நிலக்கரி மின்சாரத்தில்தான் தூங்குகிறது. வெயில் நேரத்தில் மிகுந்த மின்சாரத்தைத் தேக்கி வைக்கப் பெரிய பேட்டரிகள் வேண்டும், அது அரசின் வேலை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது காசு செலவில்லாதது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர் சார்ஜ் இவற்றையெல்லாம் மாலை ஆறு மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது. ஸ்ரீவராகம் பெண்களுக்கு இது புதிதல்ல. வோல்டேஜ் விழுந்து மோட்டார் கருகிய காலத்திலேயே அவர்கள் பகலில் தண்ணீர் ஏற்றிப் பழகியவர்கள்.